ஜெர்மனியில் முதல் செமஸ்டர்: பார்ட் டைம் இப்போதே போகணுமா? நாள் ஒரு ஒழுங்குக்கு வரவே மாட்டேங்குது

எல்பேக்கரை
நவம்பர் 16, 2025

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் மாக்டெபுர்க் வந்தேன். முதுகலை, பாடம் எல்லாம் ஆங்கிலத்தில். வந்த புதிதில் அலைந்து திரிந்து நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, ஹெல்த் இன்சூரன்ஸ், பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் எடுக்கிற கணக்கு) முதல் மாதப் பணம் என்று எல்லாவற்றையும் முடித்தாகிவிட்டது. அந்த ஓட்டம் நின்ற பிறகுதான் தடுமாற்றம். காலையில் எழுந்தால் இருட்டு, சாயங்காலம் நாலேகாலுக்கெல்லாம் மறுபடி இருட்டு. சில நாள் ஒரே ஒரு வகுப்பு, சில நாள் அதுவும் இல்லை. இன்று ஞாயிறு, கடை ஒன்றும் இல்லை, தெருவே அடங்கிக் கிடக்கிறது, மதியம் வரை படுக்கையில் இருந்தேன்.

அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. வாடகை 310, இன்சூரன்ஸ் 145 பக்கம், போன், சாப்பாடு எல்லாம் போக ஓரளவு கையில் நிற்கிறது, ஆனால் ஊரில் கடன் இருக்கிறது. கூட வந்தவர்களில் பாதிப் பேர் வெள்ளி, சனி இரவு வேர்ஹவுஸ் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். நானும் சேரலாமா? அப்புறம், இந்த முதல் சில மாதத்தில் எதை ஒழுங்காகப் பிடித்தால் மற்றது தானாக அமையும் என்று முன்னாடி வந்தவர்கள் சொல்லுங்கள். பொத்தாம்பொதுவாக "தைரியமாக இரு" என்று வேண்டாம், உருப்படியாக எதாவது சொல்லுங்கள்.

ரூர்க்காரன்
நவம்பர் 16

போங்க, யோசிக்கவே வேண்டாம். சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சுக்கு முன்னால் இது 120, 240 என்றுதான் இருந்தது. குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 13.90. கையில் நாலு காசு இருந்தால்தான் மனசு படிப்பில் நிற்கும். கடனை நினைத்துக்கொண்டே லைப்ரரியில் உட்கார்ந்தால் பக்கம் புரளாது.

இன்னொன்று, வேலை இடத்தில்தான் எனக்கு ஜெர்மன் வந்தது. வகுப்பு ஆங்கிலம், வீட்டில் தமிழ், வெளியே செல்ஃப் செக்அவுட், அப்புறம் எங்கிருந்து மொழி வரும்? ஷிப்ட்டில் பக்கத்தில் நிற்கிற ஆள் ஆங்கிலம் பேசமாட்டார், நாமாக வாயைத் திறந்தே ஆகணும். படிப்பு முடிந்து வேலை தேடும்போது இந்த ஜெர்மன்தான் சோறு போடும்.

மூன்றாம்மாடி
நவம்பர் 16

ரூர்க்காரன் அண்ணா சொன்ன ஜெர்மன் விஷயம் முழுக்கச் சரி. ஆனால் முதல் செமஸ்டரில் இரவு ஷிப்ட் வேண்டாம் என்பேன். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இதைப் புதிதாக வருபவர்களிடம் யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை.

இங்கே தேர்வு நம் அரியர் மாதிரி கிடையாது. பெரும்பாலான துறைகளில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். அது கட்டாயப் பாடமாக இருந்து மூன்றாவது முறையும் போனால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். வேறு ஊருக்குப் போய் அதே படிப்பில் சேர்ந்துகொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது, அந்தப் படிப்பு ஜெர்மனி முழுக்கவே மூடிக்கொள்ளும். உங்கள் விசாவோ படிப்பை நம்பித்தான் நிற்கிறது. அடுத்து, 4.0 எடுத்தால் பாஸ், 1.0 தான் உச்சம். பொதுவாக ஒரு தடவை பாஸாகிவிட்டால் மதிப்பெண்ணைக் கூட்டத் திரும்ப எழுத விடமாட்டார்கள். அரைகுறையாகப் படித்து வாங்கிய 3.7 கடைசி வரை உங்கள் சான்றிதழில் இருக்கும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு. ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 30 என்றே வைத்துக்கொண்டால் ஆறு மாதத்துக்கு 900 மணி, வாரத்துக்கு 35 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் வகுப்பு நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், அதில் பாதி தேறினாலே பெரிது. மிச்சப் பாதியை நீங்கள் தனியாக உட்கார்ந்து படிப்பீர்கள் என்று நம்பித்தான் பாடத்திட்டமே போட்டிருக்கிறார்கள். நீங்கள் "வகுப்பு இல்லாத நாள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நாள் உண்மையில் காலியான நாள் இல்லை. வருகைப் பதிவு கிடையாது, வாராவாரம் டெஸ்ட் கிடையாது, யாரும் கேட்கமாட்டார்கள், பிப்ரவரியில் மொத்தமாக ஒரே தேர்வு. எல்லாம் நிம்மதியாக ஓடுகிற மாதிரி இருக்கும், ஜனவரி நடுவில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

எங்கள் பேட்ச்சில் ஒருவர், நல்ல புத்திசாலி, வந்த முதல் மாதத்திலிருந்தே வாரக் கடைசி இரவு வேலை. திங்கள் முழுக்கத் தூக்கம், செவ்வாய் பாதி நாள் தலை கனம், புதன்தான் ஆள் தெளிவார், வெள்ளி மறுபடி வேலை. முதல் செமஸ்டரில் மூன்று தேர்வு போயிற்று. அந்த மூன்றையும் இரண்டாவது செமஸ்டர் பாடங்களோடு சேர்த்துச் சுமந்தார். கடைசியில் ஒரு கட்டாயப் பாடம் மூன்றாவது முறையும் போய், படிப்பையே விட்டுவிட்டுக் கிளம்பினார். வேலையில் கிடைத்த பணம் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அதனால் இன்று இரவே செய்யவேண்டியது ஒன்று: உங்கள் படிப்புக்கான தேர்வு விதிமுறை ஆவணத்தைத் துறை இணையதளத்திலிருந்து இறக்கி, எத்தனை வாய்ப்பு, எப்போது பதிவு, எதுவரை விலகலாம் என்று பாருங்கள். வகுப்பில் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் வேறு வேறு. பதியாமல் போய் உட்கார்ந்தால் எழுத விடமாட்டார்கள், பதிந்துவிட்டுப் போகாமல் விட்டால் பெரும்பாலும் 5.0 போட்டு ஒரு வாய்ப்பைக் கழித்துவிடுவார்கள்.

எல்பேக்கரை
நவம்பர் 16

அக்கா, நன்றி. இப்போதுதான் பார்த்தேன். எங்களுக்குப் பதிவு திறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். எங்கள் வாட்ஸாப் குழுவில் இத்தனை பேர் இருக்கிறோம், ஷிப்ட், ஆஃபர், பழைய சைக்கிள் என்று நாள் முழுக்கப் பேச்சு ஓடுகிறது, இதை ஒருவரும் பேசவில்லை. இப்போதே குழுவில் போடுகிறேன். எங்களுக்கும் மூன்று வாய்ப்புதான்.

லிப்பேயாறு
நவம்பர் 17

தம்பி, வணக்கம். நான் சின்ன வயதில் பெற்றோரோடு இங்கே வந்து இங்கேயே வளர்ந்தவள், இப்போது ஒரு நகரசபை அலுவலகத்தில் மக்கள் சேவைப் பிரிவில் வேலை செய்கிறேன். படிக்க வந்த பிள்ளைகள் கனபேர் எங்களுடைய மேசைக்கு வருவார்கள், அதனால் தேர்வைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், நான் கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் கீழே போய் உங்களுடைய தபால்பெட்டியைப் பாருங்கோ. பெட்டியில் உங்களுடைய பெயர் இருக்கிறதா? இருந்தால், எந்தப் பெயர்? எங்கட ஆட்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். வீட்டில் கூட இருப்பவர்களுக்கு உங்களுடைய சொந்தப் பெயர்தான் தெரியும், அதை மட்டும் சின்னத் துண்டில் எழுதி ஒட்டி விடுவார்கள். அரசாங்கக் கடிதம் அப்பாவின் பெயருக்கு வரும். தபால்காரர் பெட்டியில் அந்தப் பெயரைக் காணாவிட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே உறையில் பிளாட் எண் எழுதுகிற வழக்கம் பெரும்பாலும் இல்லை, பெயரைப் பார்த்துத்தான் போடுவார்கள். வரி எண், இன்சூரன்ஸ் அட்டை, வங்கியின் பின் நம்பர் எல்லாம் தபாலில்தான் வரும். இரண்டு பெயரையும் சேர்த்து வடிவாக எழுதி, மழை படாத மாதிரி ஒட்டுங்கோ, அழைப்புமணிப் பலகையிலும் ஒட்டுங்கோ.

இரண்டாவது, மஞ்சள் உறை. மஞ்சள் உறையில் கடிதம் வந்தால், அதன் மேலே தபால்காரர் பெட்டியில் போட்ட தேதியைத் தன்னுடைய கையால் எழுதியிருப்பார். பதில் போடவோ மறுப்புத் தெரிவிக்கவோ கொடுத்திருக்கும் காலக்கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடும். நீங்கள் எப்போது பிரித்தீர்கள், ஜெர்மன் விளங்கியதா என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆகவே உறையையும் எறியாமல் கடிதத்தோடு சேர்த்து வையுங்கோ. விளங்காத கடிதத்தைப் பிறகு பார்ப்போம் என்று மேசையில் போட்டு வைப்பதுதான் நான் கண்ட பிரச்சினைகளில் முக்கால்வாசிக்குக் காரணம். போனில் படம் எடுத்தால் மொழிபெயர்த்துக் காட்டுகிறது, அன்றைக்கே பாருங்கோ. ஒரு கோப்பு வாங்கித் துளை போட்டு அடுக்குங்கோ.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும், டிவி இல்லாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும். மாதம் 18.36 யூரோ, ஆனால் அது ஒரு வீட்டுக்கு, ஆளுக்கு இல்லை. ஒரு வீட்டில் மூன்று பேர் பகிர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்ற இருவரும் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் சரி, ஆளுக்கு 6.12 தான் வரும். மூன்று பேரும் தனித்தனியாக முழுத் தொகை கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், அந்தக் காசைப் பார்க்க எனக்கே மனம் கேட்கவில்லை.

கடைசியாக விசா. நீங்கள் வந்த விசாவில் முடியும் தேதி என்ன? வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு அந்தத் தேதிக்கு முன்னமே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். முன்னமே போட்டுவிட்டால், முடிவு வர எவ்வளவு பிந்தினாலும் உங்களுடைய பழைய அனுமதி தொடர்வதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், அதற்கு ஒரு தாள் தருவார்கள். தேதி தாண்டிப் போட்டால் கதையே வேறு. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்றால் மின்னஞ்சலில் எழுத்தாகப் போட்டு வையுங்கோ, ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

கூரைச்சாளரம்
நவம்பர் 17

லிப்பேயாறு அக்கா எழுதியதை அப்படியே பிரின்ட் எடுத்து எங்கள் ஹாஸ்டல் கதவில் ஒட்டலாம்.

நான் ஹீட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஃபிரைபுர்க்கில் நாலாவது குளிர்காலம் எனக்கு. ரேடியேட்டர் பக்கத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். அது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி வேகம் கூட்டுகிற திருகு இல்லை. ஒவ்வொரு எண்ணும் அறை எந்த வெப்பநிலையில் நிற்கவேண்டும் என்பதைச் சொல்கிறது: 3 என்றால் 20 டிகிரி பக்கம், 4 என்றால் 24, 5 என்றால் 28. குளிருது என்று வந்தவுடன் 5க்குத் திருகினால் அறை சீக்கிரம் சூடாகாது, 3இல் எந்த வேகத்தில் ஏறுமோ அதே வேகம்தான், ஆனால் 20இல் நிற்காமல் மேலே போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் வெளியே போன பிறகும். அதற்கான பணம் ஒரு வருஷம் கழித்து வாடகைக் கணக்குத் தீர்க்கும்போது மொத்தமாக வரும்.

அதே போல் ஜன்னல். சமைத்தபோதும் குளித்தபோதும் ஈரம் அறைக்குள்ளேயே நிற்கும், குளிர்ந்த சுவரில் படியும், அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும். ஜன்னலை மேலே சாய்த்து நாள் முழுக்க விட்டுவைப்பது வீண், சுவர்தான் குளிரும். ஹீட்டரை அணைத்து, ஜன்னலை முழுக்கத் திறந்து, ஐந்து பத்து நிமிஷம் விட்டு மூட வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பூஞ்சை பிடித்தால் அறையைக் காலி செய்யும்போது டெபாசிட்டில் கை வைப்பார்கள். டெபாசிட் என்பது மூன்று மாத அடிப்படை வாடகை வரை இருக்கலாம், சின்னத் தொகை இல்லை.

எல்பேக்கரை
நவம்பர் 17

தபால்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா சொன்ன மாதிரியே என் பெயர் மட்டும் பென்சிலில் இருக்கிறது, அப்பா பெயர் இல்லை. வரி எண் இன்னும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன், காரணம் இதுதான் போல. மாற்றி ஒட்டிவிட்டேன்.

ஜன்னல் விஷயமும் நல்லதாயிற்று. கூட இருக்கிற இரண்டு ஜெர்மன் பசங்களில் ஒருவன் போன வாரம் சமையலறையில் ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருந்தான், சமைத்த பிறகு ஜன்னலைத் திறக்கச் சொல்லி. நேரில் சொல்லாமல் எழுதி ஒட்டியது எனக்கு ரொம்ப வலித்தது, என்னைப் பிடிக்கவில்லை போல என்று அன்றிலிருந்து அவர்கள் இருக்கும்போது சமையலறைக்கே போவதில்லை. இருவரும் எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

லிப்பேயாறு
நவம்பர் 17

ஐயோ தம்பி, அப்படி எடுக்காதேங்கோ. இங்கே துண்டு எழுதி ஒட்டுவது சாதாரணம், உங்களை எழுப்பிக் கரைச்சல் தரக்கூடாது என்றுதான் எழுதுவார்கள். கதவு சாத்தியிருந்தாலும் அப்படித்தான், தட்டினால் திறப்பார்கள். நீங்கள் சமையலறைக்குப் போகாமல் விட்டால்தான் அவர்கள் உங்களுக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்று நினைப்பார்கள். இன்றைக்கே போய், தாளைப் பார்த்தேன், இனித் திறக்கிறேன், காரணம் இப்போதுதான் விளங்கியது என்று ஒரு வசனம் சொல்லுங்கோ. கூட்டித் துடைக்கிற முறை அட்டவணை இருந்தால் உங்களுடைய வாரத்தைச் சொல்லாமலே செய்து முடியுங்கோ. அதற்கு இங்கே இருக்கிற மதிப்பு கொஞ்சநஞ்சம் இல்லை.

நிழல்மரம்
நவம்பர் 18

நான் இதுவரை இங்கே எழுதியதில்லை, வாசிப்பதோடு சரி. இருப்பது ஆகன் நகரில். எல்பேக்கரை மதியம் வரை படுக்கையில் இருந்தேன் என்று எழுதியதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கு ஞாயிறு மட்டும் இல்லை, கொஞ்ச நாளாக எல்லா நாளும் அப்படித்தான். பசி இல்லை. வீட்டில் இருந்து போன் வந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறேன், வைத்தவுடன் அழுகை வருகிறது. வகுப்புக்குப் போய் மூன்று வாரம் இருக்கும். வேலையா படிப்பா என்று எல்லோரும் பேசுகிறீர்கள், எனக்கு எழுந்து பல் தேய்ப்பதே பெரும்பாடு.

மூன்றாம்மாடி
நவம்பர் 18

நிழல்மரம், எழுதியது ரொம்ப நல்லது. நீங்கள் சொல்வது சோம்பலும் இல்லை, மன உறுதி இல்லாமையும் இல்லை. பசி போய், தூக்கம் குலைந்து, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மருத்துவரிடம் பேசவேண்டிய விஷயம், காய்ச்சல் வந்தால் போவோமே அதே மாதிரி.

எல்லாப் பல்கலைக்கழக ஊரிலும் மாணவர் நலச் சங்கம் ஒன்று இருக்கும், கேன்டீனும் ஹாஸ்டலும் நடத்துகிறார்களே அவர்கள்தான். அவர்களோ பல்கலைக்கழகமோ உளவியல் ஆலோசனை வைத்திருப்பார்கள், மாணவர்களுக்குக் காசு கிடையாது, பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். நீங்கள் பேசியது துறைக்கோ பேராசிரியருக்கோ விசா அலுவலகத்துக்கோ போகாது. மின்னஞ்சலில் இரண்டு வரி போதும்: "எனக்கு ஆலோசனை நேரம் வேண்டும், ஆங்கிலத்தில் பேச வேண்டும்." இதை இன்றே அனுப்புங்கள். வீட்டுக்குப் பக்கத்து டாக்டரிடமும் போகலாம், உங்கள் இன்சூரன்ஸ் அதற்குத்தான் மாதாமாதம் போகிறது. கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் 116117 மருத்துவ உதவி எண். உங்களுக்கு நீங்களே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் தயங்காமல் 112, எந்நேரமும்.

அப்புறம் வெளிச்சம். டிசம்பரில் இங்கே எட்டேகால் எட்டரைக்கு விடிந்து நாலரைக்குள் இருட்டிவிடும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள், மேகமாக இருந்தாலும், வெளியே நடந்துவிட்டு வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கே அடிக்கும் வெயிலில் தோல் போதுமான வைட்டமின் டி தயாரிக்காது, டாக்டரிடம் போகும்போது ரத்தப் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். வெளிச்சம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆலோசனைதான் முக்கியம், இது கூடவே செய்யவேண்டியது.

எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மின்னஞ்சல் எழுதக் கஷ்டமாக இருந்தால் சேர்ந்தே எழுதலாம்.

கூரைச்சாளரம்
நவம்பர் 18

நிழல்மரம், ஆகனில் நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு வேளைச் சாப்பாடு உங்கள் வாசலுக்கு வர வேண்டும் என்றால் சொல்லுங்கள், நிஜமாகவே சொல்கிறேன்.

ரூர்க்காரன்
நவம்பர் 19

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம்மாடி சொன்ன மூன்று வாய்ப்புக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லியே ஆகணும். கடன் இல்லாமல் வந்தவர்களுக்கு "ஒரு செமஸ்டர் பொறு" என்பது எளிது. வட்டி மாதாமாதம் ஏறுகிற வீட்டில் அப்பா ஒரு வார்த்தை கேட்கமாட்டார், ஆனால் போனில் அவர் குரலிலேயே தெரியும். அந்தப் பையன் வேலைக்குப் போனால் அது பேராசை இல்லை. அவனுக்கு வேறு வழி காட்டாமல் போகாதே என்று மட்டும் சொல்லக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை, இது எல்லோருக்கும். அடுத்தவர் பெயரில் இருக்கிற டெலிவரி அக்கவுண்ட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் பக்கமே போகாதீர்கள். கையில் காசு, ஒப்பந்தம் கிடையாது என்கிற வேலையும் அப்படித்தான். இங்கே இதைக் கண்காணிப்பது சுங்கத் துறை, திடீரென்று சோதனைக்கு வருவார்கள், மாட்டினால் விசாவுக்கே ஆபத்து. அடிபட்டால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். மாணவர் விசாவில் தனி அனுமதி இல்லாமல் ஃப்ரீலான்ஸும் செய்யக்கூடாது.

மூன்றாம்மாடி
நவம்பர் 19

அண்ணா சொன்னது நியாயம், கடனை நான் தொடாமல் எழுதியது குறைதான். அதனால் வழியையும் எழுதுகிறேன்.

வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போனால் இன்சூரன்ஸ் கணக்கில் மாணவர் என்ற நிலையே சிக்கலாகும், அதனால் எப்படியும் அளவாகத்தான் செய்ய முடியும். ஆனால் விடுமுறைக் காலத்தில் அந்த 20 மணி வரம்பு இல்லை. பிப்ரவரி வாக்கில் வகுப்பு முடிகிறது, ஏப்ரலில்தான் அடுத்தது. கடைசித் தேர்வு முடிந்த மறுநாளிலிருந்து முழு நாள் வேலைக்குப் போகலாம். 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு 8 மணி, ஜனவரிக்குப் பிறகு மணிக்கு 13.90, மொத்தம் 3,336 யூரோ வருகிறது, பிடித்தம் போவதற்கு முன்னால். 140 நாளில் 30க்கு மேல் கழியாது. இதே தொகையை நவம்பர், டிசம்பர், ஜனவரி வாரக் கடைசிகளில் சம்பாதிக்க எத்தனை இரவு போகும், எத்தனை திங்கள், செவ்வாய் போகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரியிலேயே விண்ணப்பித்து வையுங்கள், மார்ச்சுக்கு ஆள் எடுப்பவர்கள் அப்போதே பார்க்கிறார்கள். கோடையிலும் இதே மாதிரி ஒரு நீண்ட இடைவெளி உண்டு.

இரண்டாவது வழி, பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உதவியாளர் வேலை, நாம் ஹிவி என்போமே. வாரம் ஆறு முதல் பத்து மணி நேரம், லேபில் அளவெடுப்பது, டுடோரியல் திருத்துவது, கோட் எழுதுவது. இது அந்த 140 நாள் கணக்கிலேயே வராது. பணம் குறைவுதான், ஆனால் பேராசிரியருக்கு உங்களைத் தெரியவரும், தீசிஸ் அங்கிருந்துதான் கிளம்பும். நூறு பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள், அப்படி வருவதை அவர்கள் படிப்பதில்லை. பார்வை நேரத்துக்கு நேரில் போய், உங்கள் வகுப்பில் எந்தப் பகுதி பிடித்தது, எந்த மென்பொருள் தெரியும் என்று பேசுங்கள்.

நாளுக்கு ஒழுங்கு வரவில்லை என்றீர்கள். ஒரு இடம், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு இருக்கிறதோ இல்லையோ, காலை ஒன்பதுக்கு லைப்ரரியில் அதே மாடியில் உட்காருங்கள். பத்து நாளில் பக்கத்தில் உட்காரும் முகங்கள் பழகிவிடும், ஒரு நாள் அவர்களே சாப்பிடக் கூப்பிடுவார்கள். பட்டியலில் 10 சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு 10.15க்குத்தான் தொடங்கும், நீங்கள் பத்துக்கே போய்விடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் வராந்தாவில் நின்று பேசுவதில்தான் படிக்கிற குழுக்கள் உருவாகின்றன. உங்கள் துறை மாணவர் மன்றத்துக்குப் போய்ப் பழைய வினாத்தாள் கேளுங்கள், பல ஊர்களில் சேர்த்து வைத்திருப்பார்கள். நான் இதைச் சொல்லாத ஜூனியரே இல்லை.

லிப்பேயாறு
நவம்பர் 20

பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவையும் மறக்காதேங்கோ. பேட்மிண்டன், நீச்சல், நடனம் எல்லாம் மிகக் குறைந்த காசுக்கு. பதிவு திறந்த அன்றைக்கே பல வகுப்புகள் நிரம்பிவிடும், அடுத்த சுற்று எப்போது திறக்கிறது என்று பார்த்து வையுங்கோ. வாராவாரம் அதே நேரம், அதே ஆட்கள், கதைக்க விஷயம் தேட வேண்டியதில்லை.

தமிழ் ஆட்களோடு மட்டும் இருக்காதே என்று சிலர் சொல்லுவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்மொழியில் கதைக்கிற ஒரு இடம் மனிதருக்குத் தேவை. ஹாம் என்ற ஊரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு நடந்தது, எங்கட ஆட்கள் அகதியாக வந்து உழைத்துக் கட்டியது. கோடை தொடங்கும் காலத்தில் தேர்த் திருவிழா, ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். படிக்கிற பிள்ளைகளும் வாருங்கோ.

எல்பேக்கரை
டிசம்பர் 7, 2025

இழையைத் தொடங்கிவிட்டுக் காணாமல் போய்விட்டேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

தேர்வுக்குப் பதிந்துவிட்டேன், குழுவில் போட்டதைப் பார்த்து இன்னும் பலர் பதிந்தார்கள். வேர்ஹவுஸ் வேண்டாம் என்று முடிவு. அப்பாவிடம் நேராகவே பேசினேன், மார்ச்சில் சேர்த்து அனுப்புகிறேன் என்று அந்த 30 நாள் கணக்கைப் படித்துக் காட்டினேன். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார், தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டார். துறை மன்றத்தில் பழைய வினாத்தாள் கிடைத்தது, அதைப் பார்த்த பிறகுதான் கேள்வி எந்தத் தினுசில் வரும் என்றே தெரிந்தது, ஒரு கேள்விக்கு நாலு பக்க விளக்கத்தை அவர்கள் எதிர்பார்ப்பதில்லை, கணக்குப் படியைத்தான் பார்க்கிறார்கள். அந்த வினாத்தாளை வைத்து நாலு பேர் வாரம் ஒரு நாள் உட்காருகிறோம், அதில் ஒருத்தி கொலம்பியா, ஒருவன் இதே ஊர்க்காரன்.

சமையலறைத் துண்டுத்தாள் ஆளிடம் பேசினேன். ஹீட்டர் திருகு 3 விஷயத்தை நான் சொன்னதும், நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டான். தொலைக்காட்சிக் கட்டணத்தை அவன்தான் கட்டுகிறானாம், எண்ணை வாங்கிப் பதில் போட்டுவிட்டேன். வரி எண்ணும் வந்துவிட்டது. ஹிவி விஷயமாக ஒரு பேராசிரியரைப் பார்த்தேன், ஜனவரியில் வரச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

நிழல்மரம்
டிசம்பர் 7

நானும் சொல்லிவிடுகிறேன். ஆலோசகரிடம் இரண்டு தடவை போனேன், மூன்றாம்மாடி அக்காதான் மின்னஞ்சலை எழுத உதவினார். இந்த செமஸ்டரில் ஒரே ஒரு தேர்வு மட்டும் எழுதலாம், மற்றதை அடுத்த முறைக்குத் தள்ளலாம் என்று படிப்பு ஆலோசனையிலும் பேசி முடிவு செய்தோம். முதல் தடவைக்குப் பதியாமலே தள்ளினால் வாய்ப்பு குறையாது என்று அங்கேதான் தெரிந்தது. நேற்று வகுப்புத் தோழி ஒருத்தி வந்து சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனாள். போய்விட்டு வந்தேன்.

லிப்பேயாறு
டிசம்பர் 8

இரண்டு பேருடைய பதிலையும் வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. நிழல்மரம், போவதை நிறுத்தாதேங்கோ, கொஞ்சம் நன்றாக இருக்கும்போதுதான் பலர் நிறுத்திவிடுவார்கள்.

எல்பேக்கரை, ஞாயிறுக்குச் சனிக்கிழமையே ஏற்பாடு வேண்டும், சாமான் வாங்கி வைப்பதும், ஆளைக் கேட்டு வைப்பதும். காலையில் எழும்பி யோசித்தால் நடக்காது. இன்னொன்று: அடுத்த செமஸ்டருக்கான மறுபதிவு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் வரும். செமஸ்டர் கட்டணத்தை அந்தத் தேதிக்குள் கட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள், தேர்வு மும்முரத்தில் கனபேர் இதை விட்டுவிடுகிறார்கள். உங்களுடைய பல்கலைக்கழகத் தேதியைப் பார்த்து இப்போதே போனில் குறித்து வையுங்கோ. பணம் அனுப்பும்போது மாணவர் எண்ணைச் சரியாகப் போடுங்கோ, எண் பிழைத்தால் காசு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது.

எல்பேக்கரை
டிசம்பர் 8

பார்த்துவிட்டேன் அக்கா, எங்களுக்குத் தேதி போட்டுவிட்டார்கள். குழுவிலும் போட்டுவிட்டேன். கூடப் படிக்கிற அந்தக் குழுவை இந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சமைக்கப்போகிறேன்.